பொந்தியானாக்கின் முகம் மங்கியது ஏன்?



இன்றைய உரையில் ஒரு பேய்ப்படத்தின் வரலாற்றைப் பார்ப்போம். இதில் பேயின் கதை கொஞ்சம்தான். அந்தப் பேயைப் பதித்து வைத்த படச்சுருளின் கதையே பெரிது.

ஒரே படம் கொட்டகையில் ஒரு விதமாகத் தெரிகிறது. தொலைக்காட்சியில் வேறு விதமாகத் தெரிகிறது. வீடியோ நாடாவில் போட்டால் முகம் மங்குகிறது. வட்டில் போட்டால் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் கட்டம் கட்டமாகவும் நிற்கிறது. "பெட்டி பழசாகிவிட்டது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் பெட்டியில் இல்லை. அந்தப் படம் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு முன் அது எத்தனை கைகள் மாறி வந்தது என்பதில்தான் காரணம் இருக்கிறது.

கேரி தீவு, கோல லங்காட், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்குப் படம் பார்த்த அனுபவம் குறைவானதன்று. திடலில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத்துணி கட்டி, புரொஜெக்டர் ஓட்டிய காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். 1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1978இல் அதற்கு வண்ணம் வந்தது. 1980களில் வீடியோ நாடா வந்து, வாடகைக்கு எடுத்த ஒரு நாடாவை லயத்தில் பத்துக் குடும்பங்கள் கூடிப் பார்த்தன. பிறகு விசிடி, டிவிடி, இப்போது கைப்பேசி. இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரு தலைமுறை தன் ஆயுளிலேயே கண்டுவிட்டது. அப்படியிருந்தும் படம் எப்படிப் பிரதியாகிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதை விளங்கிக்கொள்ள, நம் நாட்டு மக்கள் எல்லாரும் அறிந்த ஒரு பேயை எடுத்துக்கொள்வோம். அதுதான் பொந்தியானாக்.

பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் ஆவியாகத் திரிகிறாள், வாழைமரத்தை அண்டியிருக்கிறாள், அவள் வருமுன் பூமணம் வீசும், பிடரியில் ஆணி அறைந்தால் அடங்கிப் பெண்ணாகிவிடுவாள். இவை மலாய் மக்களிடையே வழங்கும் நம்பிக்கைகள். நம் பாட்டிமார் சொன்ன மோகினிக் கதைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. பேயை மரத்தில் ஆணியடித்து நிறுத்தும் கதை நம்மிடமும் உண்டல்லவா? ஆகவே பொந்தியானாக் வெள்ளித்திரையில் ஏறியபோது மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாருக்கும் விளங்கக்கூடிய ஒரு பேயாகவே அது வந்தது.

அதைத் திரையில் ஏற்றியவர் யார் தெரியுமா? பி. என். ராவ் என்ற இந்திய இயக்குநர். இவர் 1939இல் 'ரம்பையின் காதல்', 1945இல் 'சாலிவாகனன்' ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர். பின்னர் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை எடுத்தார். அந்நாளில் இது புதுமையல்ல. 1934இல் வெளிவந்த முதல் மலாய்ப் படமான 'லைலா மஜ்னு'வை இயக்கிய பி. எஸ். ராஜன்ஸ் இந்தியர். 1950இல் 'பக்தி' என்ற படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன், தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்தவர். 1958இல் 'ஓராங் மின்யாக்' என்ற எண்ணெய் மனிதன் கதையை இயக்கியவரும் அவரே. மலாய்த் திரைப்படத்தின் அடித்தளத்தில் நம்மவர் வைத்த கற்கள் பல உள்ளன. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்தில் சிங்கப்பூரில் இரண்டு பெரிய ஸ்டூடியோக்கள் போட்டியிட்டன. ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்ஷன்ஸ் இருந்தது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கேத்தே–கெரிஸ் இருந்தது. கோலாலம்பூர்ச் செல்வந்தர் லோக் யூவின் மகன் லோக் வான் தோவும், படத் தொழிலில் பழுத்த ஹோ ஆ லோக்கும் 1953இல் சேர்ந்து உருவாக்கியது இந்த இரண்டாவது ஸ்டூடியோ. அங்கேதான் பி. என். ராவ் 'பொந்தியானாக்' படத்தை எடுத்தார். அது 1957 ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் வெளியானது. நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு!

மரியா மெனாடோ நடித்த கதாநாயகியின் பெயர் சோமெல். அழகி என்று பொருள்படும் பெயர். ஆனால் அவளோ கூன் விழுந்து, பார்க்க அருவருப்பான தோற்றம் கொண்டவள். மந்திர மருந்தால் அவள் பேரழகி ஆகிறாள். இரத்தத்தை மட்டும் ஒருநாளும் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. மணமாகி வாழும்போது ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் உயிரைக் காக்க அவள் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் பட்டுவிடுகிறது, பொந்தியானாக் ஆகிவிடுகிறாள். கணவன்மேல் கொண்ட அன்பே ஒருத்தியைப் பேயாக்கிய கதை இது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்' என்ற இரண்டாம் படமும், 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்ற மூன்றாம் படமும், 1964இல் 'பொந்தியானாக் குவா மூசாங்' என்ற படமும் ராவின் இயக்கத்தில் வந்தன. போட்டி ஸ்டூடியோவும் சும்மா இருக்கவில்லை. 1958இல் 'அனாக் பொந்தியானாக்' என்று ஒன்றை எடுத்தது.

இனி நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. ராவின் நான்கு படங்களில் 'சும்பா பொந்தியானாக்', 'பொந்தியானாக் குவா மூசாங்' ஆகிய இரண்டும் பிழைத்திருக்கின்றன. முதல் இரண்டுக்கும் இன்று உலகில் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. சற்று முன் சொன்ன சோமெலின் கதையைப் பழைய பத்திரிகைச் செய்திகளிலிருந்தும், நடித்தவர்கள், பார்த்தவர்களின் நினைவுகளிலிருந்தும்தான் அறிகிறோம். அந்தச் சுருள்கள் பாழடைந்த ஈயக்குட்டை ஒன்றில் எறியப்பட்டன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஈயக்குட்டையோ வெப்பமோ பூஞ்சணமோ, காரணம் எதுவாயினும் முடிவு ஒன்றே. பேரலையாக எழுந்த ஒரு படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது.

இப்படி எப்படி நடக்கும் என்று கேட்கலாம். அதற்குப் படச்சுருள் பற்றி அறிய வேண்டும்.

காமிராவுக்குள் ஓடிய சுருளை நெகட்டிவ் என்கிறோம். அதில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். அதிலிருந்துதான் கொட்டகைகளுக்குப் போகும் பிரதிகள் அச்சாகின்றன. கொட்டகைச் சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். தோட்டத் திடல்களில் ஓட்டிய சிறிய புரொஜெக்டர்களுக்கு 16 மில்லிமீட்டர் சுருள் பயன்பட்டது. அதில் ஒரு படத்தின் பரப்பு பெரிய சுருளில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். திடலில் பார்த்த படம் கொட்டகையில் பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கேட்கிறார்கள். அசல் பத்திரத்தை நகல் எடுத்தால் எழுத்து நன்றாக விழுகிறது. அந்த நகலையே மறுபடி நகல் எடுத்தால் சற்று மங்குகிறது. நகலின் நகலை நகலெடுத்துக்கொண்டே போனால் முத்திரை கரும்புள்ளியாகிவிடுகிறது. எண் 3 என்பதா 8 என்பதா என்று தெரியாமல் போகிறது. எவ்வளவு விலையுயர்ந்த நகல் இயந்திரத்தை வாங்கி வந்தாலும் அழிந்த எண் மீண்டும் வராது. படச்சுருளின் கதையும் இதுவே.

கேரி தீவுக் குடும்பங்களுக்கு இன்னோர் உதாரணமும் அருகிலேயே உள்ளது. தீவின் மாமேரி மக்கள் மரத்தில் முகமூடி செதுக்குவதில் பேர் பெற்றவர்கள். பழைய முகமூடியைக் கண்முன் வைத்துக்கொண்டு கைதேர்ந்தவர் புதிதாகச் செதுக்கினால் அதன் முகபாவம் வந்துவிடும். அதன் புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் செதுக்கி, அவர் செய்ததைப் பார்த்து மற்றொருவர் செதுக்கினால், மூக்கும் வாயும் இருக்கும். முகத்தின் உயிர் குறைந்துகொண்டே போகும். பழைய முகமூடியே எரிந்துவிட்டால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை.

நெகட்டிவைப் பத்திரமாக வைத்தால் போதுமே என்று தோன்றும். அதுவும் எளிதன்று. தொடக்க காலச் சுருள்கள் தீப்பற்றும் நைட்ரேட் பொருளால் ஆனவை. 1950களின் தொடக்கத்தில் அவை போய், தீப்பற்றாத அசெட்டேட் சுருள்கள் வந்தன. இவற்றுக்கு வேறொரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்தால் அவை சிதைந்து காடி வாடை, அதாவது வினிகர் வாடை வீசும். சுருள் சுருங்கி, வளைந்து, கடைசியில் ஓட்டவே முடியாமல் போகும். ஒரு டப்பாவில் தொடங்கினால் அந்தக் காற்று பட்டு அடுத்த டப்பாவுக்கும் நோய் விரைந்து வரும். நம் நாட்டின் தட்பவெப்பமோ நாம் அறிந்ததே. மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த தோல் செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கிறது. குளிர்ந்த, உலர்ந்த அறை இல்லாமல் ஒரு படச்சுருளை இங்கே ஐம்பது ஆண்டு காப்பது கடினம்.

1967இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் கேத்தே–கெரிசும் படமெடுப்பதை நிறுத்தியது. ஓடி முடிந்த படத்தை யாரும் சொத்தாக மதிக்காத காலம் அது. டப்பாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சுமையாகவே தெரிந்தன. வீட்டில் உட்கார்ந்து மக்கள் பழைய படங்களைப் பார்ப்பார்கள் என்று அன்று யார் நினைத்தார்கள்?

ஜப்பானில் 1976இல் அறிமுகமான விஎச்எஸ் வீடியோ நாடாதான் அந்த நிலையை மாற்றியது. ஆனால் வீட்டுக்கு வந்த படம் கொட்டகைப் படமாகவே வந்ததா? இல்லை. வழியில் பலவற்றை இழந்துதான் வந்தது.

முதலாவதாகப் படத்தின் அகலம். 'சும்பா பொந்தியானாக்' கேத்தேஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுக்கப்பட்டது. இத்தகைய ஸ்கோப் படங்களில் திரையின் அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ ஏறக்குறையச் சதுரமானது. அகலமான படத்தை அதற்குள் நுழைக்க இரண்டே வழிகள் இருந்தன. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப்படத்தையும் சிறிதாகக் காட்டலாம். அல்லது இரு பக்கமும் வெட்டி, நடுப்பகுதியை மட்டும் பெரிதாகக் காட்டலாம். "பெட்டி நிறையப் படம் வேண்டும்" என்று பலரும் விரும்பியதால் வெட்டுவதே வழக்கமாக இருந்தது. அப்படி வெட்டும்போது ஸ்கோப் படத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடுகிறது. பேய்ப்படத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒருவன் நடந்து வருகிறான். ஓரத்தில் வாழைமரத்தின் பின்னால் ஏதோ அசைகிறது. கொட்டகையில் பார்த்தவன் அதைப் பார்த்து நடுங்கினான். வெட்டிய நாடாவில் பார்த்தவனுக்கு அந்த வாழைமரமே இல்லை.

இரண்டாவதாக வேகம். கொட்டகையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 25 படங்கள் ஓடும். ஆகவே 100 நிமிடப் படம் நாடாவில் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். நடிகர்களின் குரலும் சற்றே உயர்ந்து கேட்கும். ஒரு காட்சியும் வெட்டப்படாமலேயே நான்கு நிமிடம் குறைந்துவிடுகிறது.

மூன்றாவதாக நுணுக்கம். விஎச்எஸ் நாடாவில் குறுக்கே 240 கோடுகள் அளவுக்குத்தான் விவரம் பதியும். 1993இல் தரம் வகுக்கப்பட்டு, பின்னர் நம் பசார் மாலாம்களில் குவிந்த விசிடியில் ஒரு படம் 352க்கு 288 புள்ளிகளால் ஆனது. ஏறத்தாழ ஒரு லட்சம் புள்ளிகள். 1996இல் வந்த டிவிடியில் 720க்கு 576. ஏறத்தாழ நான்கு லட்சம். 2006இல் வந்த புளூ-ரே வட்டில் 1920க்கு 1080. இருபது லட்சத்துக்கும் மேல். விசிடியில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் புளூ-ரேயில் இருபது புள்ளிகள் நிற்கின்றன. கண்ணின் ஓரத்தில் நிற்கும் ஈரத்தையும் சேலையின் நூலிழையையும் காட்ட இந்தப் புள்ளிகள் வேண்டும்.

நான்காவது இருட்டு. பேய்ப்படத்துக்கு இதுவே உயிர். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு என்பது ஒரே நிறமல்ல. கரி கறுப்பு, ஈரமண் கறுப்பு, மாலை நேரக் கறுப்பு என்று பல படிகள் உண்டு. 1963இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் ஏ. வின்சென்டின் காமிரா பாழடைந்த மாளிகையைக் காட்டியபோது, அந்தப் படிகளை வைத்தே அச்சத்தை உண்டாக்கியது. நாடாவில் அந்தப் படிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து சேறாகிவிடும். விசிடியில் நிலைமை வேறு. 74 நிமிடப் படத்தைச் சிறிய வட்டுக்குள் அடக்க, விவரங்களைச் சுருக்கித் திணிக்கிறார்கள். இருட்டில் உள்ள விவரங்களே முதலில் பறிபோகின்றன. அதனால்தான் இரவுக் காட்சி வந்தவுடன் சுவரும் வானமும் கட்டம் கட்டமாகத் துடிக்கின்றன. பேய் எங்கே என்று தேடுவதற்குள் கட்டங்கள்தான் கண்ணில் படுகின்றன.

இவற்றையெல்லாம் ஒரே படத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால், அதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. ஜார்ஜ் ரொமெரோ இயக்கி 1968 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற படம் அது. பிணங்கள் எழுந்து நடக்கும் கதை. குறைந்த செலவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த இப்படம், பிற்காலத்தில் வந்த நடைப்பிணப் படங்களுக்கெல்லாம் தாய் ஆயிற்று.

அந்தப் படத்துக்கு நேர்ந்தது விந்தையானது. வெளியிடும் தருவாயில் அதன் பெயரை மாற்றினார்கள். மாற்றிய தலைப்பில் உரிமை அறிவிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையேல் உரிமையும் இல்லை. ஆகவே அது பொதுச்சொத்தாகிவிட்டது. வீடியோக் காலம் வந்ததும், ஒரு பழைய பிரதி கையில் கிடைத்த யார் வேண்டுமானாலும் நாடா போட்டு விற்கலாம் என்றாயிற்று. கீறல் விழுந்த 16 மில்லிமீட்டர்ப் பிரதியிலிருந்து ஒருவர் நாடா எடுத்தார். அந்த நாடாவிலிருந்து மற்றொருவர் எடுத்தார். முகங்கள் வெள்ளைத் திட்டுகளாயின. இரவு முழுவதும் ஒரே கருமையாயிற்று. அந்த மங்கலே அப்படத்தின் இயல்பு என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டது.

1986இல் அதற்குக் கணினியால் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். பிணங்களின் தோல் பச்சையாயிற்று. 1990களின் நடுவில், மூல நெகட்டிவிலிருந்தே எடுத்த ஒரு லேசர் வட்டு வெளிவந்தது. படம் இவ்வளவு தெளிவானதா என்று ரசிகர்கள் அப்போதுதான் வியந்தார்கள். 1999இல் புதிதாகச் சில காட்சிகளை எடுத்து இடையில் செருகி, இசையையும் மாற்றி, 30ஆம் ஆண்டுப் பதிப்பு என்று ஒன்று வந்தது. புதியது என்பதற்காக அது சிறந்ததாகிவிடவில்லை. பழைய படத்தை விரும்பியவர்கள் அதை ஏற்கவில்லை. கடைசியாக நியூயார்க் நவீனக் கலைக்கூடமும் பிலிம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் முன்னின்று, மூல நெகட்டிவிலிருந்தே படத்தைப் புதுப்பித்து 2016இல் திரையிட்டன. 2018இல் கிரைடீரியன் நிறுவனம் அதை புளூ-ரே வட்டாக வெளியிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த இரவின் இருட்டுக்குள் மரமும் புல்லும் முகமும் தனித்தனியே தெரிந்தன.

இது எப்படி முடிந்தது? புது இயந்திரம் வந்ததால் மட்டுமா? மூல நெகட்டிவை யாரோ எறியாமல் வைத்திருந்ததால் முடிந்தது. அது இல்லாவிட்டால் எந்த இயந்திரத்தாலும் அந்த முகங்களைத் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியாது. அமெரிக்கப் பிணங்கள் மறுபடியும் எழுந்து நடந்தன. நம் சோமெல் எழவில்லை. இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் அலமாரிதான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கும் இன்று பிரதி இல்லை. இந்தியாவின் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் புனேயில் தொடங்கியது. அதற்குள் பல படங்கள் போய்விட்டன. நம் பக்கத்தில் ஆசியத் திரைப்படக் காப்பகம் சிங்கப்பூரில் 2005இல் தோன்றியது. அது பாதுகாக்கும் கேத்தே–கெரிஸ் மலாய்ப் படத் தொகுப்பில் 91 படங்கள் உள்ளன. 2014இல் அந்தத் தொகுப்பு யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தில், ஆசிய பசிபிக் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் இடத்தை அடைத்த சுமையாகத் தெரிந்த டப்பாக்கள் இன்று உலகச் செல்வமாகப் பதிவாகியுள்ளன.

இனி, ஒரு பழைய படத்தின் வட்டையோ இணையப் பிரதியையோ பார்க்கும்போது நாம் என்ன கேட்க வேண்டும்? மூன்று கேள்விகள் போதும். எதிலிருந்து எடுத்தது: நெகட்டிவா, கொட்டகைப் பிரதியா, பழைய நாடாவா? அகலம் முழுதாக இருக்கிறதா, பக்கம் வெட்டப்பட்டிருக்கிறதா? இருட்டில் விவரம் தெரிகிறதா? அட்டைப்படத்தின் பளபளப்பையும், "புதிய தெளிவான பதிப்பு" என்ற விளம்பரத்தையும் நம்பிவிட வேண்டாம். மங்கலான நாடாவைப் பெரிய வட்டில் போட்டால் பெரிய மங்கல்தான் கிடைக்கும். சிலர் கீறலைத் துடைக்கிறோம் என்று கணினியால் தேய்த்துத் தேய்த்து, நடிகரின் முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடுவதும் உண்டு. தோலின் சுருக்கமும் படச்சுருளின் மெல்லிய மணற்புள்ளிகளும் தெரிவது குறையன்று, மூலத்தின் அடையாளம்.

நேயர்களே, பேய்ப்படம் போனால் போகட்டும், நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். 1980களிலும் 1990களிலும் எடுத்த கல்யாண நாடா, காவடி நாடா, தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாடா ஒன்றாவது இருக்கும். அந்தத் தோட்டம் இன்று இருக்கிறதா? எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் பெயர்ந்தன. லய வீடுகள் இடிந்தன. கோயில்கள் இடம் மாறின. அந்த நாடாவில் மணமகளுக்குப் பின்னால் தெரியும் லயமும், சாமி ஊர்வலம் போகும் செம்மண் சாலையும், முன்வரிசையில் நிற்கும் தாத்தாவும் வேறெங்கும் பதிவாகாமல் இருக்கலாம். அதற்கு நெகட்டிவ் கிடையாது. அந்த நாடாவே மூலம். அதுவே ஒரே பிரதி.

அதற்கும் ஆயுள் குறைந்துகொண்டு வருகிறது. நாடாவில் பூஞ்சணம் படிகிறது. பதிவு மெல்ல மங்குகிறது. அதை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. விஎச்எஸ் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே செய்ய வேண்டியதை இப்போதே செய்யுங்கள்.

நாடாக்களைச் சமையலறையிலும் தகரக் கூரையின் கீழும் வைக்காதீர்கள்; உலர்ந்த, வெயில் படாத இடத்தில் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். பேட்டைமேல், அதாவது நாடாப் பெட்டியின் மேல், யாருடைய நிகழ்ச்சி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் கருவியில் போட்டு ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். துடைத்துத் தரத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கணினிக்கு மாற்றும்போது சித்தப்பா வீட்டிலுள்ள நகலைக் கொடுக்காமல், முதலில் பதிவான நாடாவையே தேடிக் கொடுங்கள். பிறப்புப் பத்திர உதாரணம் நினைவிருக்கட்டும். மாற்றியதை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு வீடுகளில் வையுங்கள். மாற்றியாயிற்று என்று மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள். நாளை இதைவிட நன்றாக எடுக்கும் கருவி வரலாம். அப்போது மூலம் கையில் இருக்க வேண்டும்.

கோடிக்கணக்கில் பொருள் வைத்திருந்த ஸ்டூடியோக்கள் தவறவிட்டதை ஒரு தோட்டக் குடும்பம் காக்க முடியுமா என்று ஐயப்பட வேண்டாம். காப்பதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. இதை எறியக் கூடாது என்று வீட்டில் ஒருவர் நினைத்தால் போதும். 1957இல் ஒரு டப்பாவைப் பற்றி யாராவது அப்படி நினைத்திருந்தால், பி. என். ராவ் எடுத்த அந்த முதல் பொந்தியானாக்கின் முகத்தை இன்று நம் பிள்ளைகளும் பார்த்து அஞ்சியிருப்பார்கள்.